ஜப்பானில் செய்த ரிசீவரை ஜப்பானில் தேடினால்

குமிழ்ப்பித்தன் (யோகோஹாமா)

இங்கே வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. விமானம் ஏறும்போதே மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. பயனியர், சான்சுயி, யமஹா எல்லாம் பிறந்த நாட்டுக்குப் போகிறோம், ரேடியோவும் ஆம்ப்ளிஃபையரும் ஒன்றாக உள்ள எழுபதுகளின் பெரிய ரிசீவர் ஒன்றைச் சல்லிசாகத் தட்டிவிடலாம் என்று. வந்த முதல் மாதமே ஹார்டு ஆஃப் கடைகளைச் சுற்ற ஆரம்பித்தேன். பழைய சாமான் வாங்கி விற்கும் கடைகள். ஊருக்கு ஊர் உண்டு. உள்ளே ‘ஜங்க்’ என்று ஒரு மூலை இருக்கும். ஓடுமா ஓடாதா என்று யாரும் சொல்ல மாட்டார்கள், திருப்பியும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த மூலையில் சான்சுயி ஏயு வரிசை ஆம்ப் பார்த்தேன், ட்ரியோ ட்யூனர் (ரேடியோ மட்டும் பிடிக்கும் பெட்டி) பார்த்தேன், யமஹா ஆம்ப்கள் அடுக்கடுக்காக நின்றன. ரிசீவர் மட்டும் இல்லை. மூன்று வருஷத்தில் கண்ணில் பட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதுவும் சின்னச் சின்னவை.

ஒருநாள் கடையில் இருந்த பெரியவரிடமே கேட்டுவிட்டேன். சிரித்தார். “அது அமெரிக்காவுக்குச் செய்தது” என்றார். அவ்வளவுதான் பதில்.

தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது. ட்யூனர், ப்ரீ ஆம்ப், பவர் ஆம்ப் மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்தால் அது ரிசீவர். எழுபதுகளின் அமெரிக்காவில் எங்கே திருகினாலும் எஃப்எம். ஹாலில் ஒரு பெட்டி, இரண்டு ஸ்பீக்கர், வேலை முடிந்தது. டோக்கியோவில் அந்தப் பத்து வருஷமும் என்எச்கே, எஃப்எம் டோக்கியோ என்று இரண்டே நிலையங்கள்தான். ஆனால் அந்த இரண்டையும் இவர்கள் கேட்ட விதம் வேறு. எந்தப் பாட்டு எத்தனை மணிக்கு என்று பத்திரிகையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, டேப்பை ஏற்றி வைத்துக் காத்திருந்து பதிவு செய்வார்கள். அதற்கு ‘ஏர்செக்’ என்றே பெயர். அப்படிப்பட்டவன் ட்யூனரைத் தனியாகத்தானே வாங்குவான்? எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

சரி, கதைக்கு வருகிறேன். போன மாதம் யோகோசுகா போயிருந்தேன், அமெரிக்கக் கடற்படைத் தளம் இருக்கும் ஊர். ஸ்டேஷனிலிருந்து நடக்கும் வழியில் ஒரு பழைய சாமான் கடை. மீன் வறுக்கும் அடுப்புக்கும் தையல் மிஷினுக்கும் நடுவே ஒரு பயனியர் எஸ்எக்ஸ்-850! 1976 மாடல், ஒரு பக்கத்துக்கு 65 வாட். பின்னால் வோல்டேஜ் மாற்றும் சுவிட்சு இருக்கிறது. அந்தக் காலத்தில் சிப்பாய்கள் ராணுவக் கடைகளில் மலிவாக ஸ்டீரியோ வாங்குவார்கள். அப்படி யாரோ வாங்கி, ஊர் திரும்பும்போது விட்டுப் போயிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

அன்று இரவே மேசையில் வைத்து, ஆன்டெனாவுக்கு ஒரு முழம் வயரைச் செருகித் திருகினேன். ஜப்பானில் எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கும். இந்தப் பெட்டியின் டயல் 88இல்தான் தொடங்குகிறது. எஃப்எம் டோக்கியோ 80, என்எச்கே 82.5, இரண்டும் இதன் காதிலேயே விழாது. இன்டர்எஃப்எம் 89.7இல் வந்தது. அப்புறம், மீடியம் வேவ் நிலையங்களை எஃப்எம்மிலும் கேட்கட்டும் என்று 2015இல் டோக்கியோவில் 90க்கு மேலே இடம் கொடுத்தார்கள் அல்லவா, அவை வந்தன: 90.5, 91.6, 93. அதைத் தாண்டினால் 108 வரை ஒரே இரைச்சல். இந்த நாட்டிலேயே செய்த பெட்டிக்கு இந்த நாட்டு ரேடியோ தெரியவில்லை.

ஆனால் அந்தக் குமிழ்! முழு அலுமினியம், உள்ளே ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம். ஒரு சுண்டு சுண்டினால் முள் 88இலிருந்து கிளம்பி, கை எடுத்த பிறகும் வழுக்கிக்கொண்டே போய் நூறுக்குப் பக்கத்தில் மெல்ல நிற்கிறது. அரைமணி நேரம் இதையே செய்துகொண்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

கேள்வி இதுதான். இதையெல்லாம் சேர்த்து வைத்திருப்பவர்கள் எதற்காக வைத்திருக்கிறீர்கள்? சத்தத்துக்கா, இந்தக் குமிழுக்கா?

சால்டர்சாமி (கோயம்புத்தூர்)

தம்பி, அது இருக்கட்டும். நேராக ப்ளக்கில் சொருகியா ஆன் செய்தாய்?

குமிழ்ப்பித்தன்

ஆமாம் அண்ணே.

சால்டர்சாமி

உன் நேரம் நல்ல நேரம். எத்தனை வருஷம் சும்மா கிடந்ததோ தெரியாத பெட்டியை அப்படிச் செய்யக் கூடாது. 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில், அதாவது கரண்ட் அதன் வழியாகவே பெட்டிக்குப் போகும்படி போட்டுத்தான் முதல் முறை கரண்ட் கொடுக்க வேண்டும். பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் பிழைத்தது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளே எதுவும் வேகாது. எல்இடி பல்பு போட்டுவிட்டு ‘அண்ணே எரியவே இல்லை’ என்று வராதே. பழைய குண்டு பல்புதான்.

இன்னொன்று. அங்கே 100 வோல்ட். சுவிட்சு 120இல் இருந்தால் கொஞ்சம் சோம்பலாக ஓடும், கெடுதல் இல்லை. ஊருக்குக் கொண்டுவந்து அதை மாற்ற மறந்து சொருகினாய் என்றால் மூன்று நொடிதான்.

ஓம்விதி (பெங்களூரு)

கேள்விக்கு நேர்ப் பதில்: குமிழுக்குத்தான். ஒப்புக்கொள்வதில் வெட்கம் என்ன?

இந்தப் பெட்டிகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ‘அந்தக் காலத்து ஜப்பான் சவுண்ட்’ என்று யாராவது உருகினால் எரிச்சல் வரும். நல்ல நிலையில் இருக்கும் ஒரு 850ஐயும் இன்றைய சாதாரண ஆம்ப் ஒன்றையும் ஒரே சத்த அளவில் வைத்து, துணியைப் போட்டு மூடிவிட்டு, எது எது என்று சொல்லச் சொல்லுங்கள். டோன் கண்ட்ரோல் நடுவில் இருக்க வேண்டும், பேஸையும் ட்ரெபிளையும் தூக்கும் லவுட்னஸ் பட்டன் அணைந்திருக்க வேண்டும். பாதிப் பேர் ‘வெதுவெதுப்பான சவுண்ட்’ என்று புகழ்வது அந்த லவுட்னஸ் பட்டனைத்தான்.

நான் மதிப்பது அவற்றின் மேல் எழுதிய வாட் கணக்கை. அதற்குக் காரணம் கம்பெனிகளின் நல்ல மனசு இல்லை, ஒரு சட்டம். அதற்கு முன்னால் ‘மியூசிக் பவர்’, ‘பீக் பவர்’ என்று ஆளாளுக்கு ஒரு எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 1974இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது: இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும், எந்த அதிர்வெண் எல்லைக்குள், எவ்வளவு டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்) என்று சொல்ல வேண்டும், தொடர்ச்சியாக அந்தப் பவரைக் கொடுக்க வேண்டும். அளப்பதற்கு முன்னால் மூன்றில் ஒரு பங்கு பவரில் ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்க வேண்டும்.

மூன்றில் ஒரு பங்கு என்பதில்தான் சூட்சுமம். இந்த வகை ஆம்ப் அதிகமாகக் கொதிப்பது முழுப் பவரில் இல்லை, கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான். ஒரு மணி நேரம் அங்கே நிறுத்தி வைத்தால் சூட்டை வெளியே கடத்தும் ஹீட் சிங்க் ஒல்லியாக இருந்தால் தாங்காது. ஆக ஹீட் சிங்க் பெருத்தது, டிரான்ஸ்ஃபார்மர் பெருத்தது, பெட்டி பெருத்தது. நீங்கள் தூக்கும்போது ‘அடேயப்பா’ என்கிறீர்களே, அந்த எடையில் பாதி இந்த விதியால் வந்தது என்பேன்.

அதோடு நின்றார்களா? எல்லோரும் ஒரே மாதிரி அளந்தபோது யாருடைய எண் பெரியது என்று போட்டி வந்துவிட்டது. பயனியரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1974இல் எஸ்எக்ஸ்-1010 100 வாட், 1976இல் எஸ்எக்ஸ்-1250 160 வாட், 1978இல் எஸ்எக்ஸ்-1980 270 வாட், எடை 35 கிலோ. மராண்ட்ஸ் 2600 300 வாட், டெக்னிக்ஸ் எஸ்ஏ-1000 330 வாட். 160இலிருந்து 270க்குப் போனால் காதுக்குக் கிடைப்பது 2 டெசிபெல் சொச்சம். வால்யூமை ஒரு நெல்லளவு திருகினால் வரும் வித்தியாசம். முதுகுக்குக் கிடைப்பது வேறு.

ஊசிமுனை (திருச்சி)

நான் புதுசு. சான்சுயி டிவி கம்பெனிதானே? அவர்கள் ரேடியோவும் செய்தார்களா?

ஸ்காபரோகாரன் (டொராண்டோ)

தம்பி ஊசிமுனை, இந்தியாவில் டிவிக்கு ஒட்டினது வெறும் பெயர். உண்மையான சான்சுயி 1947இல் டிரான்ஸ்ஃபார்மர் செய்யத் தொடங்கின ஆட்கள். பெயருக்கு ‘மலையும் நீரும்’ என்று அர்த்தமாம். ஆரம்பமே டிரான்ஸ்ஃபார்மர் என்றபடியால் அவர்களுடைய பவர் சப்ளையில் எனக்கு ஒரு நம்பிக்கை. ஓம்விதி அண்ணை இதற்கும் துணி போட்டு மூடச் சொல்லுவார்.

என்னிடம் இருப்பது மராண்ட்ஸ் 2245. சுத்த ஜப்பான் என்று சொல்ல முடியாது. சால் மராண்ட்ஸ் என்பவர் நியூயார்க்கில் தொடங்கின கம்பெனி. 1964இல் சூப்பர்ஸ்கோப்புக்கு விற்றார். பிறகு ஜப்பானில் ஸ்டாண்டர்ட் ரேடியோ என்ற கம்பெனி அவர்களுக்குச் செய்துகொடுத்தது. அந்தக் கம்பெனியே 1975இல் மராண்ட்ஸ் ஜப்பான் ஆகிவிட்டது. பெயர் அமெரிக்கா, கை ஜப்பான். இலக்கத்தைப் பார்த்தாலே பவர் தெரியும், 2245 என்றால் 45 வாட், 2270 என்றால் 70.

வாங்கின கதை சின்னது. இங்கே ஒரு வீட்டு வாசலில் கராஜ் சேல். இத்தாலியக் கிழவி ஒருத்தி, மனுசன் செத்துப்போனார், பேஸ்மென்டைக் காலி செய்கிறாள். “பாரம், நீயே தூக்கினால் நீயே வைத்துக்கொள்” என்றாள். காசு கொடுத்தேன், வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். வீட்டுக்குக் கொண்டுவந்து மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு கடதாசித் துண்டு. ஸ்டேஷன்களின் இலக்கங்கள், பென்சிலில் வரிசையாக. ஏன் உள்ளே வைத்தார் என்று இன்றைக்கும் தெரியாது. அதை எடுக்கவில்லை, அங்கேயே கிடக்கிறது.

எனக்குக் குமிழைவிட அந்த நீல வெளிச்சம். இரவு மற்ற எல்லா லைட்டையும் அணைத்துவிட்டு, நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பேன். வந்தபோது நீலம் ஒரு பக்கம் மங்கிப் பழுப்பாக இருந்தது. பல்புக்கு முன்னால் இருக்கிற மெல்லிய தாள் ஐம்பது வருசச் சூட்டில் கருகிப்போச்சு. அதை மாற்றினதும் பழைய நீலம் வந்தது. எல்இடி போடச் சொன்னார்கள். போட்டுப் பார்த்தேன், பல் டாக்டர் கிளினிக் மாதிரி இருந்தது. கழற்றிவிட்டேன்.

இதிலே ட்யூனிங் குமிழ் வேறு மாதிரி. சில்லு ஒன்று படுக்கையாக வெளியே எட்டிப் பார்க்கும், பெருவிரலால் தள்ள வேண்டும். அதற்கு ‘ஜைரோ டச்’ என்று பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

ஓம்விதி

பல் டாக்டர் கிளினிக்! அந்தத் தாளுக்காகச் சண்டை போட மாட்டேன், நியாயமான காரணம்.

குமிழ்ப்பித்தன், உங்கள் பெட்டியில் சத்தம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதா? எஃப்எம்மில் ஒலிபரப்பும்போது மேல் சுதியைத் தூக்கி அனுப்புவார்கள், ரிசீவர் அதே அளவு இறக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தக் கணக்கு 75 மைக்ரோ செகண்ட், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 50. உங்களுடையது அமெரிக்கக் கணக்கில் இருந்தால் தேவைக்கு மேல் இறக்கிவிடும். ட்ரெபிளைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ‘வெதுவெதுப்பு’ என்று பெயர் வைத்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஊசிமுனை

சென்னையில் ஒருவர் பயனியர் எஸ்எக்ஸ்-780 தருகிறேன் என்கிறார். ‘முழுசா ரீகேப் பண்ணியாச்சு, எதுவும் பார்க்க வேண்டாம்’ என்கிறார், அதாவது பழைய கெபாசிட்டரையெல்லாம் மாற்றிவிட்டாராம். 45 வாட். என்னிடம் டர்ன்டேபிள் இருக்கிறது, அதை இணைக்கும் ஃபோனோ உள்ள பெட்டி வேண்டும். வாங்கலாமா?

சால்டர்சாமி

‘எதுவும் பார்க்க வேண்டாம்’ என்றால்தான் பார்க்க வேண்டும்.

மூடியைக் கழற்றிப் படம் கேள். 780இல் பவர் பக்கம் தனித்தனி டிரான்சிஸ்டர் இல்லை. எஸ்டிகே என்று கருப்பு வில்லை மாதிரி பேக் இருக்கும். அது ஒரிஜினலா என்று பார். சந்தையில் கிடைக்கும் எஸ்டிகேயில் போலி நிறைய. மேலே எழுத்து அழகாக இருக்கும், உள்ளே சிப் சின்னதாக இருக்கும், கொஞ்சம் சத்தம் வைத்தால் போய்விடும். அதனால்தான் பெரியவர்கள் 850, 950 என்று பழைய வரிசைக்கு அலைகிறார்கள். அதில் டிரான்சிஸ்டர் ஒன்று போனால் ஒன்றை மாற்றலாம்.

அப்புறம் மீட்டரை எடுத்துக்கொண்டு போ. ஸ்பீக்கர் முனையில் பாட்டு இல்லாமல் டிசி மில்லிவோல்ட் பார். 50க்குள் இருந்தால் பேசு. ஆன் செய்து சில நொடியில் ‘டக்’ என்று ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே விழ வேண்டும். விழவில்லை என்றால் ரிலேயை ஷார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்பார்கள், காட்ட விடாதே. ரிலே விழாதது ஸ்பீக்கரைக் காப்பாற்றத்தான்.

ரீகேப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. கெபாசிட்டரை நாங்கள் கண்டன்சர் என்போம். ஐம்பது வருஷக் கண்டன்சர் எல்லாம் கெட்டது என்று ஒரே நாளில் நூறையும் பிடுங்கிப் போடுகிறார்கள். நூறைப் பிடுங்கும்போது நாலு இடத்தில் போர்டின் செம்பும் சேர்ந்து வரும். ஒன்றைப் ப்ளஸ் மைனஸ் மாற்றி வைப்பார்கள். பிறகு ‘அண்ணே, முன்னாடி பாடுச்சு, இப்போ பாடல’ என்று என்னிடம் வரும்.

இந்தப் பெட்டிகளில் உண்மையான வில்லன் கண்டன்சர் இல்லை, பசை. பெரிய கண்டன்சர் ஆடாமல் இருக்க அடியில் ஒரு பசை வைத்திருப்பார்கள். வைத்தபோது வெளிறிய நிறம். வருஷம் போகப் போகப் பழுப்பாகி, கெட்டியாகி, பக்கத்தில் இருக்கும் டயோடு, ரெசிஸ்டர் காலையெல்லாம் அரித்துவிடும். கரண்டையும் கடத்த ஆரம்பிக்கும். மேலே பார்த்தால் காய்ந்த பனங்கருப்பட்டி மாதிரி இருக்கும். நான் முதலில் செய்வது அதைச் சுரண்டுவது. மூங்கில் குச்சியால், கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு. இரும்பு வைத்தால் போர்டு கீறும். ஒரு பெட்டிக்கு ஒரு பகல் போய்விடும். போன மழைக்காலத்தில் ஒரு சான்சுயி வந்தது, ஒரு பக்கம் பாடவில்லை. மூன்று பேர் பார்த்து பவர் டிரான்சிஸ்டரையே இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். பசையைச் சுரண்டினால் ஒரு டயோடின் கால் நூல் மாதிரி நிற்கிறது. தொட்டதும் கையோடு வந்தது. அந்த டயோடின் விலை இரண்டு ரூபாய்.

அடுத்தது சின்ன டிரான்சிஸ்டர்கள். ஃபோனோவில் பாட்டுக்குப் பின்னால் கரகர, படபட என்று மழை பெய்தால் 2எஸ்சி458 அல்லது 2எஸ்ஏ726 இருக்கிறதா என்று பார். அந்தக் காலத்தில் நல்லவைதான், இப்போது பழுத்துவிட்டன.

ஓம்விதி

அண்ணே, பவர் சப்ளையில் இருக்கும் கண்டன்சர்களையாவது மாற்றத்தான் வேண்டும். பக்கத்தில் சூடான ரெசிஸ்டர், ஐம்பது வருஷம் வெந்திருக்கும்.

சால்டர்சாமி

அளந்து பார்த்து மாற்று என்கிறேன். மாற்றாதே என்று சொல்லவில்லை.

ஸ்காபரோகாரன்

நான் அளக்காமல் மாற்றினவன். இங்கே ஒருத்தரிடம் கொடுத்தேன், பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் மாற்றி, பெரிய பில்லும் தந்தார். இரண்டு கிழமையில் இடது பக்கம் போச்சு. திரும்பக் கொண்டுபோனால் “பழைய சாமான், அப்படித்தான்” என்கிறார். பிறகு நானே சால்டரிங் இரும்பைப் பிடிக்கப் பழகினேன்.

இன்னொரு விசயம், பழைய டயலுக்கு ஆதரவாக. எண்பதுகளில் டிஜிட்டல் ட்யூனிங் வந்தது. அமெரிக்கக் கணக்கில் செய்த பல பெட்டிகள் 0.2 என்று தாவும்: 101.3, அடுத்தது 101.5. சென்னையில் ரெயின்போ 101.4, அவற்றில் அதன்மேல் போய் நிற்க வழியே இல்லை. முள் வைத்த பெட்டிக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. எங்கே வேண்டுமோ அங்கே நிற்கும்.

ஊசிமுனை

படம் கேட்டேன். ‘உள்ளே திறந்தால் கேரண்டி போய்விடும்’ என்கிறார்.

ஓம்விதி

1978 மாடலுக்குக் கேரண்டியா?

சால்டர்சாமி

விட்டுவிடு தம்பி. வேறு வரும்.

குமிழ்ப்பித்தன்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். டோக்கியோவில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த அகிஹாபாராவில் குண்டு பல்பு வாங்கி, சால்டர்சாமி அண்ணன் சொன்னபடி சீரிஸில் போட்டேன். பளிச்சென்று எரிந்து மங்கியது. இடது முனையில் 18 மில்லிவோல்ட், வலதில் 31. மூடியைக் கழற்றினால் பசை இருக்கிறது, ஆனால் பாதிதான் பழுத்திருக்கிறது. மூங்கில் குச்சிக்கு இங்கே பஞ்சமில்லை, சாப்பிட்டு முடித்த கடைக் குச்சிகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஓம்விதி சொன்ன மாதிரி லவுட்னஸை அணைத்துவிட்டுக் கேட்டேன். என்ன சொல்ல, பாதி ‘வெதுவெதுப்பு’ போய்விட்டது. மறுபடி போட்டுவிட்டேன்.

உள்ளே பார்த்தபோது ஒன்று பிடித்துப்போனது. அடிப்பக்கம் வயர்களைக் கட்டியிருக்கும் விதம். ஒவ்வொரு கொத்தையும் மெழுகு நூலால் முடிச்சுப் போட்டு, மூலையில் திரும்பும் இடத்தில் இரண்டு முடிச்சு. மூடியைப் போட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அதன் போட்டோவைத்தான் மனைவியிடம் காட்டினேன். “இது நல்லா இருக்கு” என்றாள், முதல் தடவையாக.

பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், திண்டுக்கல். உடைகளைக் குறைத்துக்கொண்டு இதைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதாக முடிவு. எங்கள் வீட்டு மாடியில் கோடை எஃப்எம் 100.5 நன்றாக எடுக்கும். யோகோஹாமாவில் வெறும் இரைச்சலாக இருந்த பக்கம் அங்கே பாடும். ஒரே ஒரு சிக்கல்: டயலில் வலது ஓரத்துப் பல்பு போய்விட்டது, நூறுக்கு மேலே இருட்டாக இருக்கிறது.

சால்டர்சாமி

பழைய பல்பைத் தூக்கிப் போட்டுவிடாதே. இரண்டு பக்கமும் உலோகத் தொப்பி வைத்த ஃப்யூஸ் மாதிரிதானே இருக்கும்? தொப்பியில் வோல்ட், ஆம்பியர் பொடி எழுத்தில் இருக்கும், படித்துச் சொல். வரும் வழியில் கோயம்புத்தூரில் இறங்கு, என் டப்பாவில் இருந்தால் தருகிறேன். சுவிட்சை 240க்கு மாற்றிவிட்டுக் கிளம்பு, ஊருக்கு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று வைக்காதே.